பெயின்ட் கடைசி, பால்ரஸ் முதல்: பழைய இரும்பு சைக்கிளை மறுபடி ஓட வைப்பது

தூசி படிந்து, டயர் வெடித்து, மூலையில் சாய்ந்து கிடக்கும் பழைய சைக்கிள் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பெயின்டைச் சுரண்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து சைக்கிள் புதுக் கறுப்பில் மின்னும். மிதித்தால் கிராங்க் (பெடலைத் தாங்கும் இரும்புக் கை) கடகடவென்று ஆடும். அதற்குள் அசல் பெயின்டும், கையால் இழுத்த பொன் கோடும், கம்பெனி முத்திரையும் போயிருக்கும். அவை போனது போனதுதான். கிராங்க் ஆட்டத்தை மட்டும் எப்போது வேண்டுமானாலும் சரிசெய்திருக்கலாம். இந்தக் குறிப்பு வேலையை மறுமுனையிலிருந்து தொடங்குகிறது: முதலில் உருளுவது, அடுத்து நிற்பது, கடைசியில் தோற்றம்.

இங்கே பேசுவது பந்தய சைக்கிளைப் பற்றி அல்ல. 28 அல்லது 26 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக் (கேபிள் அல்ல, இரும்புக் கம்பியால் இயங்குவது), காட்டர் பின் என்ற ஆப்பு போட்ட கிராங்க், முழு செயின் கவர், கனமான கேரியர் என்று 18 முதல் 22 கிலோ வரை கனக்கும் சாதாரண வண்டி. ரெய்னால்ட்ஸ் 531 என்ற உயர்ரக எஃகுக் குழாயின் ஸ்டிக்கர் இல்லையே என்று வருந்தத் தேவையில்லை. 1935இல் வந்த அந்தக் குழாயின் பெருமை அதன் வலிமை. அந்த வலிமையால்தான் சுவரை மெல்லியதாக இழுத்து எடையைக் குறைக்க முடிந்தது. மற்றபடி எந்த எஃகானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. சாதாரண வண்டியில் குழாய்ச் சுவர் தடிமனாக இருப்பதால் எடை கூடும். ஆனால் அதே தடிமன்தான் மேலோட்டமான துருவைத் தாங்கி, ஐம்பது வருடம் கழித்தும் ஃபிரேமைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. இன்றைய சைக்கிளின் முன்னோடியான ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் 1885இல் வந்தது, டன்லப்பின் காற்று டயர் 1888இல். அடுத்த சில பத்தாண்டுகளிலேயே சாதாரண சைக்கிளின் உருவம் நிலைத்துவிட்டது. பால்ரஸ், கோன் (பால்ரஸ் உருளும் கூம்பு), காட்டர் பின், செயின் எல்லாம் அன்றைய அளவிலேயே இன்றும் கிடைக்கின்றன. வெளியே எடுக்க முடியாதபடி அடைத்து மூடிய பாகம் என்று இந்த வண்டியில் ஒன்றுமே இல்லை.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரே ஒரு கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்: ஃபிரேம் நேராக இருக்கிறதா? ஹேண்டில் குழாயும் (ஃபிரேமின் முன்முனையில் ஃபோர்க் நுழையும் குழாய்) கீழ்க் குழாயும் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சிறு மடிப்போ அலையோ தட்டுப்பட்டால் வண்டி எங்கோ நேராக மோதியிருக்கிறது. அந்த இடத்தில் பெயின்ட் வளைகோடாக வெடித்திருப்பதும் அதே கதைதான். ஃபோர்க்கைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அதன் மேல்பாதி ஹேண்டில் குழாயின் நேர்கோட்டிலேயே இறங்கி, கீழ்ப்பாதி முன்னோக்கி வளைய வேண்டும். மேல்பாதியே பின்னுக்குத் தள்ளி நின்றால் ஃபோர்க் வளைந்துவிட்டது. வளைந்த ஃபோர்க்கை மாற்றலாம். கீழ்க் குழாய் மடிந்த ஃபிரேமை விட்டுவிட்டு வேறு வண்டி தேடுவதே நல்லது.

பக்கவாட்டுக் கோணலுக்கு நூல் போதும். பின் சக்கரத்தைக் கழற்றி, ஒரு பக்கத் துளைவாயில் (சக்கர ஆக்சில் உட்காரும் பிளவு) நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கத் துளைவாய்க்கு இறுக்கமாகக் கொண்டுவாருங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலான தூரத்தை இரு பக்கமும் அளந்து பாருங்கள். 2 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் கவலை இல்லை. 5 மி.மீ. இருந்தால் கையை விட்டுவிட்டு ஓட்டும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்து சீட் கம்பியும் ஹேண்டில் தண்டும். இவை ஃபிரேமோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருங்கள். காலை மாலை இரண்டு சொட்டு விடுங்கள். ஹேண்டில் தண்டைப் பிடித்திருப்பது நடுப் போல்டின் அடியில் உள்ள ஆப்பு. போல்டை நான்கு சுற்று தளர்த்தி, அதன் தலைமேல் மரக்கட்டை வைத்து ஒரே தட்டு தட்டினால் ஆப்பு இறங்கிவிடும். போல்டை முழுவதும் கழற்றியபின் தட்டினால் ஆப்பு குழாய்க்குள் விழுந்து சிக்கிக்கொள்ளும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

ஸ்பானர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகளின் நட்டுகள் மில்லிமீட்டர் அளவுக்கு அடங்காது. 14 லூசாகவும் 13 ஏறாமலும் இருந்தால், இழுத்துச் சரிசெய்யும் ஸ்பானரைப் போட்டு முனையைத் தின்ன விடாதீர்கள். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு ஸ்பானர் நான்கு வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் போதும். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் வாசரையும் அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். எந்தப் பக்கம் எது இருந்தது என்பதற்குப் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

மரையின் திசையும் தெரிந்திருக்க வேண்டும். இடது பெடல் எதிர் மரை. வலது பெடல் சாதாரண மரை. இரண்டையும் கழற்ற ஸ்பானரை வண்டியின் பின்பக்கம் நோக்கித் திருப்புங்கள் (கிராங்கின் மேல்பக்கம் ஸ்பானர் இருக்கும் நிலையில்). கிராங்க் ஆக்சிலின் வலது கப் (பால்ரஸ் உட்காரும் கிண்ணம்) பிரிட்டிஷ் வகையில் எதிர் மரை. இத்தாலிய வகையில் இரு பக்கமும் சாதாரண மரை. எந்த வகை என்று தெரியாமல் வலது கப்பில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். நல்லவேளையாக வலது கப்பைக் கழற்றவே பெரும்பாலும் தேவைப்படாது. இடத்தில் இருக்கும்போதே உள்ளே துணி விட்டுத் துடைத்து, டார்ச் அடித்து ஓடுபாதையைப் பார்த்துவிடலாம்.

காட்டர் பின்: பாதி வண்டிகள் சாகும் இடம்

கிராங்கை ஆக்சிலோடு பிணைப்பது இந்தச் சிறு ஆப்பு. ஒரு பக்கம் சரிவாகச் சீவிய, 9.5 மி.மீ. விட்டமுள்ள இரும்பு முளை (ஐரோப்பாவின் சில வகைகளில் 9 மி.மீ.). நுனியில் மரையும் நட்டும் இருப்பதால், நட்டை முறுக்கினால் ஆப்பு இறுகும் என்று பலர் நினைக்கிறார்கள். நட்டுக்கு அந்த வேலையே கிடையாது. ஆப்பை அடித்தோ அழுத்தியோ இறுக்கியபின் அது நழுவாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. நட்டால் ஆப்பை இழுக்கப் பார்த்தால் மரை கழன்றுவிடும், ஆப்பும் இறுகாது.

கழற்றும்போது சுத்தியலைத் தூக்கும் முன் யோசிக்க வேண்டும். தாங்கல் எதுவும் இல்லாமல் ஆப்பை அடித்தால், அடி முழுவதும் கிராங்க் வழியாக ஆக்சிலுக்கும் பால்ரஸுக்கும் போகும். கப்பின் வழவழப்பான ஓடுபாதையில் பால்ரஸ் குழி பதிக்கும். பிறகு எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் கரகரப்பு போகாது. முறை இதுதான்: கனமான இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து கிராங்கின் அடி வரை சரியான உயரத்துக்கு வெட்டி, ஆப்பின் பருத்த தலை குழாயின் துளைக்குள் இறங்கும்படி கிராங்கைத் தாங்கி நிறுத்துங்கள். நட்டைத் தளர்த்தி, அதன் மேல்முகம் ஆப்பின் நுனியோடு சமமாக நிற்கும்படி விடுங்கள். மரை சிதையாமல் நட்டு காக்கும். ஒரு கிலோவுக்குக் குறையாத சுத்தியலால் ஒரே பலமான அடி. பத்து மெல்லிய தட்டு எதையும் அசைக்காது. நுனியைப் பூப்போல விரித்துவிடும், அவ்வளவுதான்.

இதைவிட நல்லது அழுத்தும் கருவி. காட்டர் பின்னுக்கென்றே செய்த பிரஸ் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால், கனமான ஜி வடிவக் கிளாம்பின் ஒரு முனையில் தலை இறங்கும் அளவுக்கு ஒரு தடித்த நட்டையோ பாக்ஸ் ஸ்பானர் துண்டையோ வைத்து நெருக்கலாம். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் ஆப்பு விட்டுவிட்டது என்று பொருள். எதற்கும் மசியாத ஆப்பை நடுவில் 6 மி.மீ. துளையிட்டு, உள்ளழுத்தம் தளர்ந்தபின் தட்டி எடுக்க வேண்டும்.

எடுத்த ஆப்பைத் திரும்பப் போடாதீர்கள். அதன் சரிவில் ஆக்சில் ஒரு படி வெட்டியிருக்கும். புது ஆப்பைப் பழையதன் சரிவோடு ஒப்பிட்டுத் தட்டை அரத்தால் ஒரே தளமாகச் சீவுங்கள். கையால் செருகும்போது மரைப் பகுதி மறுபுறம் 3 மி.மீ. அளவுக்கு எட்டிப் பார்த்தால் போதும். அதிகம் சீவினால் ஆப்பு ஆழமாக இறங்கி, நட்டு முறுக்க மரையே மிஞ்சாத நிலை வரும். இரண்டு ஆப்பும் எதிரெதிராக நுழைய வேண்டும்: வண்டி நிற்கும் நிலையில் ஒன்றின் நட்டு முன்னே பார்த்தால் மற்றதன் நட்டு பின்னே பார்க்கும். ஒரே பக்கமாகப் போட்டால் இரு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காது, மிதிப்பவருக்கு நொண்டுவதுபோல் இருக்கும். ஆப்பைக் கிரீஸ் இல்லாமல் துடைத்தே செருகுங்கள். மாட்டி முடித்தபின் 50 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒருமுறை அழுத்தி நட்டை இறுக்குங்கள். இந்த இரண்டாம் அழுத்தலைத் தவிர்த்தவர்களின் வண்டிதான் ஒவ்வொரு மிதிக்கும் ‘டொக்’ என்கிறது.

பால்ரஸ் கணக்கு

எல்லாத் தாங்கிகளுக்கும் வேலை ஒன்றே: கழற்று, மண்ணெண்ணெயில் கழுவு, பார், புது பால்ரஸ் போடு, கிரீஸ் வை, ஆட்டமும் இறுக்கமும் இல்லாத இடத்தில் நிறுத்து. பழைய பால்ரஸ் பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. தேய்ந்தது கண்ணுக்குத் தெரியாது. தேய்ந்ததையும் புதியதையும் கலந்து போட்டால் பெரியவை மட்டும் சுமையைத் தாங்கி உடையும்.

கிராங்க் ஆக்சிலில் பக்கத்துக்கு 1/4 அங்குலம் 11. பின் ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளை) பக்கத்துக்கு 1/4 அங்குலம் 9. முன் ஹப்பில் பக்கத்துக்கு 3/16 அங்குலம் 10. ஹேண்டில் கப்பில் பெரும்பாலும் 5/32. சில வண்டிகளில் 3/16 அல்லது 1/8. கழற்றும்போது விழுந்தவற்றை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள், எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்: ஏற்கெனவே யாராவது ஒன்றிரண்டைத் தொலைத்திருக்கலாம். சந்தேகம் வந்தால் கப்பை முழுதாக நிரப்பி ஒன்றை எடுத்துவிடுவது பொது விதி.

கோனின் ஓடுபாதையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பளபளப்பான ஒரு கோடு மட்டும் தெரிந்தால் அது நல்ல தேய்மானம். இன்னும் பல வருடம் ஓடும். நகம் சிக்கும் குழி இருந்தால் கோனை மாற்றுங்கள். ஹப்பின் கப்பில் தேய்ந்து குழி விழுவது அரிது, ஏனெனில் உற்பத்தியின்போது கோனைவிடச் சுலபமாக மாற்ற முடியாத கப்புக்குக் கூடுதல் கவனம் தருவார்கள். ஆக்சிலை மேசைக் கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். கிராங்க் ஆக்சில் மாற்றுவதானால் மொத்த நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது. இரு ஓடுபாதைக்கும் இடையிலான தூரத்தையும் அளந்து கேளுங்கள்.

கிராங்க் ஆக்சிலை மாட்டும்போது வலது கப்பில் கிரீஸைத் தாராளமாகப் பூசி 11 பால்ரஸைப் பதித்து, ஆக்சிலை நுழைத்து, பிறகு இடது கப்பைத் திருகுங்கள். ஆட்டம் நிற்கும் புள்ளி வந்ததும் எட்டில் ஒரு பங்கு சுற்று பின்வாங்கி, பூட்டு வளையத்தை இறுக்குங்கள். வளையத்தை இறுக்கும்போது கப்பும் சேர்ந்து சற்று உள்ளே போகும். அந்தக் கணக்கில்தான் பின்வாங்குகிறோம். முதல் முயற்சியிலேயே சரியாக அமையாது. நான்கைந்து தடவை பார்க்க வேண்டியிருக்கும், அதற்காகச் சலித்துக்கொள்ள வேண்டாம். சக்கரத்துக்குச் சோதனை இன்னும் எளிது: காற்று வால்வை மேலே கொண்டுவந்து கையை எடுத்தால், அது தன் எடையாலேயே மெல்ல கீழே வந்து, ஊசல்போல இரண்டு முறை ஆடி நிற்க வேண்டும். அதே சமயம் ரிம்மைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது.

ஹேண்டிலை நேராகப் பிடித்தால் ஏதோ பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் இருக்கிறதா? கப்பில் வரிசையாகக் குழி பதிந்திருக்கிறது. பல வருடம் நேராகவே ஓடி, ஒரே இடத்தில் அடிவாங்கியதன் விளைவு. புதுக் கப் கிடைக்கும்வரை ஓர் உபாயம்: கூண்டில் கோத்த பால்ரஸை எடுத்துவிட்டு உதிரியாகப் போடுங்கள். எண்ணிக்கை மாறுவதால் பால்ரஸ் எல்லாம் ஒரே நேரத்தில் பழைய குழிகளில் விழாது.

சக்கரமும் டயரும்

கம்பி பிரேக் வண்டியில் கட்டை ரிம்மின் உள்வட்டத்தில், அதாவது ஆக்சிலைப் பார்க்கும் முகத்தில் அழுத்துகிறது. அதனால் கோட்டம் எடுப்பதில் (ஸ்போக்கை முறுக்கி ரிம்மை நேராக்குவதில்) பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இந்த வண்டிக்குப் பக்கவாட்டுக் கோட்டத்தைவிட மேல்கீழ்க் கோட்டமே முக்கியம். பக்கவாட்டில் 2 மி.மீ. ஆடினால் ஒன்றும் ஆகாது. மேல்கீழாக 1 மி.மீ. ஆடினால் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் ஒரு முறை கவ்வி விடும். முதலில் நிப்பிள் (ஸ்போக்கின் ரிம் முனையில் உள்ள சிறு நட்டு) ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். மேடான இடத்தில் இரு பக்கத்து ஸ்போக்கையும் சமமாக அரைச் சுற்று இறுக்கி, பள்ளத்தில் அதே அளவு தளர்த்துங்கள். அசையாத நிப்பிளை முறுக்கிக்கொண்டே போனால் ஸ்போக் முறுகி அறும். பிரிட்டிஷ் மரபில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 ஸ்போக். ஒன்று அறுந்தால் சக்கரமே பாழாகாது என்பதால் பொறுமையாகச் செய்யலாம். ரிம் நாடாவை உரித்து உள்ளே பாருங்கள். ஸ்போக் துளையைச் சுற்றித் துரு அரித்து ஓட்டை பெரிதாகியிருந்தால் அந்த ரிம் போய்விட்டது. வெளியே குரோம் எவ்வளவு மின்னினாலும் நம்ப வேண்டாம்.

டயர் வாங்கும்போது அங்குலத்தை மட்டும் சொல்லாதீர்கள். 28 என்று எழுதிய டயர்களுக்குள்ளேயே வேறு வேறு ரிம் அளவு உண்டு. 28 x 1 1/2 டயருக்கு ரிம் விட்டம் 635 மி.மீ.; 28 x 1 5/8 x 1 3/8 டயருக்கு 622. ஒன்று மற்றதில் உட்காராது. 26 x 1 3/8 என்றால் 590. 26 x 1 1/2 என்றால் 584. டயரின் பக்கச்சுவரில் 40-635 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணில் இரண்டாவதுதான் ரிம் விட்டம். அதைப் பார்த்து வாங்குங்கள். பழைய ரிம்மின் விளிம்பில் டயரைக் கவ்வும் கொக்கி கிடையாது. 28 x 1 1/2 டயருக்கு 45 முதல் 55 பி.எஸ்.ஐ. வரை அடித்தால் போதும். நவீன டயரைப் போல் 80 அடித்தால் டயர் எகிறி டியூப் வெடிக்கும்.

செயின், பல்சக்கரம், மூன்று கியர்

செயின் 1/2 x 1/8 அங்குலம். 12 அங்குல ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், புதுச் செயினில் 12ஆம் கோட்டில் இன்னொரு பின் சரியாக நிற்கும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். 1/8 தள்ளியிருந்தால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். புதுச் செயினை மட்டும் மாட்டினால் அது பல்லின் மேல் ஏறி நழுவும். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். தொய்வு 10 முதல் 15 மி.மீ.; கிராங்கை முழுச் சுற்று சுற்றி, எங்கே மிக இறுக்கமாக வருகிறதோ அங்கே அளக்க வேண்டும். முன் பல்சக்கரம் துல்லியமான வட்டமாக இருப்பது அபூர்வம்.

ஃப்ரீவீலை (மிதிக்காதபோது வண்டியைத் தானாக உருள விடும் பின் பல்சக்கரம்) பிரிக்காதீர்கள். உள்ளே கண்ணுக்கு எட்டாத அளவில் பால்ரஸும் மயிரிழைபோன்ற ஸ்பிரிங்கும் இருக்கும். சக்கரத்தைப் படுக்க வைத்து, சுழலும் இடைவெளியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சுற்றுங்கள். கறுப்பு நீர் நின்று தெளிவாக வரும்வரை செய்து, ஒருநாள் காயவிட்டு மெல்லிய எண்ணெய் பத்துச் சொட்டு விடுங்கள். கிரீஸ் போட்டால் உள்ளே கவ்வும் சிறு பல் ஒட்டிக்கொண்டு, மிதிக்கும்போது வெறுமனே சுற்றும்.

முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால் 28 அங்குலச் சக்கரத்தில் ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5.5 மீட்டர். சமதளத்துக்கு அழகு, மேட்டில் முழங்காலுக்கு வேதனை. பின்னால் 22 பல் போட்டால் 4.5 மீட்டராகக் குறையும். அசல் தோற்றம் துளியும் மாறாமல் செய்யக்கூடிய நல்ல மாற்றங்களில் இதுவும் ஒன்று. பழைய 18ஐ ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள்.

பின் ஹப் பருத்து, வலது நட்டிலிருந்து சிறு சங்கிலி தொங்கினால் அது உள்கியர் வண்டி. பெரும்பாலும் ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. என்ற மூன்று கியர் ஹப்பாக இருக்கும். ஹப்பின் உடலிலேயே வருடத்தின் இரண்டு இலக்கமும் மாதமும் பதித்திருப்பார்கள். வண்டியின் வயதுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை (சக்கரம் மாற்றப்படாதவரை). விகிதம் எளிது: நடுக் கியர் நேரடி, கீழ்க் கியர் 75 சதவீதம், மேல் கியர் 133 சதவீதம். செத்துப்போனதாக நினைக்கும் ஹப்பில் பெரும்பாலும் காய்ந்த எண்ணெய் மட்டுமே பிரச்சினை. எண்ணெய்த் துளையில் மண்ணெண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டு ஒருநாள் சுற்றிச் சுற்றி ஊறவிட்டு, பிறகு எஸ்.ஏ.இ. 20 அல்லது 30 எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. தாவர எண்ணெய் கூடவே கூடாது, கோந்தாகிவிடும்.

சரிசெய்யும் முறை: லீவரை நடுக் கியரில் வைத்து, வலது நட்டின் பக்கத்துளை வழியாகப் பாருங்கள். சங்கிலியோடு சேரும் தண்டின் தோள், ஆக்சிலின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். தள்ளி நின்றால் நடுவுக்கும் மேலுக்கும் இடையே எந்தக் கியரும் பிடிக்காத வெற்றிடத்தில் விழும். எழுந்து நின்று மிதிக்கும்போது அது நடந்தால் பார் கம்பிமேல் விழ நேரும். இதை ஓட்டிப் பார்க்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள். ஆக்சிலின் தட்டைப் பகுதியில் பல்லுள்ள வாசர்களும் திரும்ப வந்தாக வேண்டும். அவை இல்லையென்றால் ஆக்சிலே சுழன்று சங்கிலியை அறுக்கும்.

கம்பி பிரேக்

சக்கரத்தை நடுவில் நிறுத்திக் கோட்டம் எடுத்தபிறகே பிரேக்கைத் தொடுங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 2 முதல் 3 மி.மீ.; இரு கட்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் ஃபோர்க்கில் உள்ள வழிகாட்டிக் கொக்கியைச் சற்று நகர்த்திச் சரிசெய்யுங்கள். லீவர் திரும்ப வராவிட்டால் ஸ்பிரிங்கை மாற்றும் முன், ஹேண்டிலின் அடியில் கம்பி செல்லும் காதுகளைச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பத்தில் எட்டு முறை அதுதான் காரணம். கம்பிகளைப் பிணைக்கும் சிறு நட்டுகள் அதிர்வில் தளர்வது வழக்கம், மாதம் ஒரு முறை பாருங்கள்.

குரோம் ரிம் நனைந்தால் பிரேக் முதலில் சில சுற்று வழுக்கும்; கட்டை தண்ணீரைத் துடைத்தபின்தான் பிடிக்கும். மழையில் முன்கூட்டியே லேசாக அழுத்திப் பிடித்து ஓட்டுங்கள். குரோம் ரிம்முக்கெனத் தோல் பதித்த கட்டை கிடைத்தால் அதைப் போடுங்கள், வித்தியாசம் தெரியும். இந்த வண்டியின் பிரேக் வேகத்தைக் குறைப்பதற்கு; சட்டென்று நிறுத்துவதற்கு அல்ல என்று வைத்துக்கொண்டால் ஓட்டும் முறை தானாகத் திருந்தும்.

துருவும் பெயின்டும்

குரோம்மேல் புள்ளி புள்ளியாகப் படிந்த துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். குரோம் செதில் செதிலாக உரிந்த இடத்தில் அலுமினியத் தாளால் துருவின் மேல்பொடியை மட்டுமே எடுக்க முடியும். குரோம் திரும்ப வராது.

நட்டு, வாசர், கேரியர் கம்பி போன்ற தனிப் பாகங்களுக்கு ஆக்ஸாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 முதல் 40 கிராம்; 12 மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். துரு கரைந்ததும் அலசி, சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, உடனே துணியால் ஒற்றி உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். தாமதித்தால் மஞ்சள் படலம் படியும். இது விஷம்: கையுறை வேண்டும், தூளை முகரக் கூடாது, அலுமினியப் பாகத்தை இதில் போடக் கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அறவே தவிருங்கள். அதன் ஆவி அறையில் உள்ள மற்ற எல்லா இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். கடினப்படுத்திய பாகங்களை உள்ளுக்குள் நொறுங்கவும் வைக்கும்.

பெயின்டைப் பொறுத்தவரை எங்கள் கருத்து ஒன்றுதான்: பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் தொடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு சோப்பு, மென்மையான துணி. முத்திரைகளின்மேல் பெட்ரோலும் ஸ்பிரிட்டும் படக் கூடாது. அவை வார்னிஷைக் கரைத்து எழுத்தையும் கொண்டுபோய்விடும். எந்தப் பாலிஷானாலும் முதலில் சீட்டின் அடியில் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பாருங்கள். பெயின்ட் போன இடங்களில் துருவைத் துடைத்து, மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் போதும். கூர்ந்து பார்த்தால் குழாய்கள் சேரும் உலோக மூட்டின் விளிம்பை அரத்தால் மெலிதாக்கியிருப்பதும், பித்தளையால் இணைத்த இடத்தில் கை நின்று நகர்ந்த அடையாளமும் தெரியும். தடித்த புதுப் பெயின்ட் இவை இரண்டையும் மூடிவிடும். ஏற்கெனவே யாரோ பிரஷ்ஷால் பூசிக் கெடுத்த வண்டியானால் கதை வேறு, தைரியமாகச் சுரண்டலாம்; ஆனால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிரேமின் உட்புறத் துருவை யாரும் கவனிப்பதில்லை. சீட் குழாய் வழியாகக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் அரை டம்ளர் ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, மீதியை வடித்து ஒரு வாரம் காயவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் நனைத்துப் போடுங்கள்.

தோல் சீட்டுக்கு எண்ணெய் ஊற்றி ஊறவைப்பது அதன் சாவு. தோல் இளகித் தொட்டிலாகத் தொங்கிவிடும். மெழுகு கலந்த தோல் பூச்சை அடிப்பக்கம் மெல்லியதாகத் தடவி, மூக்கின் கீழே உள்ள போல்டைக் கால் சுற்று இறுக்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். தேவையென்றால் இன்னொரு கால் சுற்று. நனைந்தால் நிழலில் காயட்டும்.

ஓட்டத் தொடங்கும் முதல் நாள் ஒரு சிறிய ஸ்பானர் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் மட்டும் போங்கள். திரும்பி வந்து இரு சக்கர நட்டு, ஹேண்டில் போல்ட், சீட் நட்டு, பிரேக் கம்பி நட்டு, காட்டர் பின் நட்டு என்று வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். ஏதோ ஒன்று நிச்சயம் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டிக்’ என்றால் பெடலோ கிராங்கோ. மிதிக்காமல் உருளும்போதும் கேட்டால் சக்கரம். மட்கார்டு கம்பியின் நட்டைச் சரிபார்க்காமல் கிராங்கைப் பிரிக்க உட்காராதீர்கள். பாதி நாட்களில் சத்தம் அங்கிருந்துதான் வரும்.